2:1:1 பிசிஏஏ பவுடர், எலுமிச்சை ஃப்ளேவர்: வாங்கலாமா?

பிசிஏஏ என்பது லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள். 2:1:1 அவற்றின் விகிதம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஜிம் கவுன்ட்டரிலேயே கிடைக்கிற ரகம். 250 கிராம் டப்பா, 10 கிராம் ஸ்கூப், 25 வேளைக்கு வரும். ஒரு ஸ்கூப்பில் அமினோ அமிலம் 7 கிராம்: லூசின் 3.5, ஐசோலூசின் 1.75, வேலின் 1.75. மீதி புளிப்பு, இனிப்பு, நிறம், வாசனை. சில டப்பாக்களில் கலோரி பூஜ்யம் என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள். 7 கிராம் அமினோ அமிலத்துக்கே 28 கலோரி வருகிறது.

ஷேக்கரில் முதலில் 300 மில்லி தண்ணீர், பிறகுதான் பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் அப்பிக்கொள்ளும். லூசின் தண்ணீரில் லேசில் கரையாது. மேலே மிதக்கும், கசக்கும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று முடிவு கட்ட வேண்டாம். தண்ணீரில் கலக்க உதவும் லெசித்தின் சேர்த்த சரக்கு கொஞ்சம் நன்றாகக் கலக்கும். அரை நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கிக் குடியுங்கள். ஸ்கூப்பைக் குவித்து அள்ளினால் அளவு எகிறிவிடும், தலை தட்டி எடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டப்பா கட்டி தட்டுவது டெல்டாவில் சகஜம். உள்ளே இருக்கும் சிலிகா பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஈரக் கையோடு ஸ்கூப்பைத் தொடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதும் தப்பு: சில்லென்ற டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் உள்ளே வேர்த்துவிடும். வெறும் கட்டி என்றால் உடைத்துப் பயன்படுத்தலாம். நிறமோ வாடையோ மாறியிருந்தால் குப்பைக்குத்தான்.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது? தசை வளர உணவிலிருந்து வர வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. இதில் இருப்பது மூன்று. லூசின் தசை கட்டும் வேலையைத் தூண்டிவிடும், உண்மைதான். ஆனால் மற்ற ஆறும் இல்லாவிட்டால், கொத்தனாரை வரவழைத்துவிட்டுச் செங்கல் இறக்காத கதை. 25 கிராம் புரதம் தரும் வே பவுடரிலேயே (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) பிசிஏஏ 5, 6 கிராம் இருக்கிறது, மற்ற ஆறும் கூடவே வருகின்றன. வே குடிப்பவருக்கு இது வீண் செலவு.

65 கிலோ எடையுள்ளவர் எடை தூக்கிப் பயிற்சி செய்தால் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் நாளுக்கு 104 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் சோற்றில் 8 கிராம்கூடத் தேறுவது சிரமம். நம் சாப்பாட்டில் விழும் ஓட்டை அங்கேதான், அதை இந்த 7 கிராம் அடைக்காது. அந்த ஒன்பதில் அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லியில் இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுகின்றன. சம்பா அறுவடையை ஒட்டி வயலில் தெளிக்கிற ஆடுதுறை 3 ரக உளுந்து, 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். நாகப்பட்டினம் மத்தி கிடைத்தால் இன்னும் நல்லது.

இதன் பக்கம் சொல்ல ஒன்று உண்டு: கடும் பயிற்சிக்கு மறுநாள் வலி சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்பவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்பதும் உள்ள இஏஏ பவுடரே மேல்.

அப்படியும் வாங்குவதென்றால் டப்பா விலையை 175-ஆல் (25 வேளை, வேளைக்கு 7 கிராம்) வகுங்கள், அதுதான் ஒரு கிராம் அமினோவின் விலை. மூன்றின் அளவையும் தனித்தனியாகப் போடாமல் ‘பிளெண்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண், 14 இலக்கம் இருக்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.