பகிர்வு சைக்கிளா, சொந்த மின்சைக்கிளா?

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசித் தூரத்துக்கு எது நல்லது? ஓட்டுபவரை மட்டும் பார்த்தால் போதாது, நடப்பவரையும் பார்க்க வேண்டும்.

மின்சைக்கிளுக்கு விதிகள் கடுமை. 16 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022 முதல் எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். வண்டியைப் பதிந்து எண் பலகை மாட்ட வேண்டும், எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. நடைபாதையில் அறவே ஓட்டக்கூடாது. நாள் முழுக்க உணவு கொண்டு சேர்ப்பவருக்கு இதுதான் தோது.

பலரும் மாறி மாறி வாடகைக்கு எடுக்கும் பகிர்வு சைக்கிளுக்குக் கைபேசி போதும். நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகம் வரை போகலாம். ஆனால் 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே. (நல்ல முடிவு!)

சிக்கல் நிறுத்துவதில்தான். 2019 முதல் நிறுத்துமிடத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் பயணத்தை முடிக்க வேண்டும். தவறினால் 5 வெள்ளி (டாலர்) கட்டணம். ஸ்கேன் செய்துவிட்டு வண்டியைக் குறுக்கே விட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? லிட்டில் இந்தியாவின் தேக்காவில், கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையைக் காய்கறிப் பெட்டிகளே பாதி அடைத்திருக்கும். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தால் சக்கர நாற்காலி கார்களுக்கு நடுவேதான் இறங்க வேண்டும். கண் தெரியாதவரின் கைத்தடி சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்ளும்.

அப்படியிருந்தும் என் தேர்வு பகிர்வு சைக்கிள்தான். ஒரே வண்டி பலருக்கு உதவுகிறது, வேகமும் குறைவு. சைக்கிள் நிறுத்தும் மஞ்சள் கட்டம் நிரம்பியிருந்தால் அடுத்த கட்டம் வரை ஓட்டிப்போய் நிறுத்துங்கள்.