காற்றுக்காக ஒன்று, பின் ஸீட்டுக்காக ஒன்று: பென்ஸ் இக்யூஎஸ் 580, பிஎம்டபிள்யூ ஐ7

பென்ஸின் மின்சார காரான இக்யூஎஸ் 580-ன் பானெட்டை அதன் உரிமையாளர் திறக்க முடியாது. கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்றக்கூட இடது முன் ஃபெண்டரில் உள்ள சிறிய மூடியைத்தான் திறக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் மின்சார காரான ஐ7-ன் பானெட் வழக்கம்போலத் திறக்கும். திறந்தால் உள்ளே சாமான் வைக்க இடம் இல்லை, பிளாஸ்டிக் மூடிதான் இருக்கிறது. பெட்ரோல், டீசல் 7 சீரிஸ் கார்கள் உருவாகும் அதே பிளாட்ஃபார்மில், அதாவது அடித்தளக் கட்டமைப்பில், உருவானது இது. இன்ஜின் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மோட்டாரும் மின் சாதனங்களும் உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டு கார்களுக்கும் இடையே ஓட்டும்போது தெரிகிற எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பென்ஸ், மின்சாரத்துக்கென்றே தனி பிளாட்ஃபார்ம் போட்டு, காற்றைக் கிழிக்கும் உருவத்தை முதலில் வரைந்து, அதற்குள் மனிதர்களை உட்கார வைத்தது. பிஎம்டபிள்யூ, முதலாளி உட்காரும் பின் ஸீட்டை முதலில் முடிவு செய்து, அடியில் பேட்டரியை வைத்தது.

விலை வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடலாம். 2022 செப்டம்பரில் இக்யூஎஸ் 580 இந்தியாவில் 1.55 கோடி ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது. புனே அருகே சாக்கனில் அசெம்பிள் செய்ததால்தான் அந்த விலை சாத்தியமானது. 2023 ஜனவரியில் வந்த ஐ7 எக்ஸ்டிரைவ்60 முழுமையாக இறக்குமதியானது, 1.95 கோடி. 40 லட்ச வித்தியாசத்தில் சுங்க வரிக்குப் பெரிய பங்கு உண்டு. விலை அதிகம் என்பதாலேயே ஐ7 ஒரு படி மேலான கார் என்று நினைத்துவிடக் கூடாது.

காற்றில் மிச்சமாகும் யூனிட்டுகள்

காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண் காற்றுத்தடைக் குணகம். இக்யூஎஸ் காருக்கு அது 0.20. 2021-ல் அது அறிமுகமானபோது விற்பனைக்கு வரும் கார்களில் அதுவே மிகக் குறைவு. ஐ7-க்கு 0.24. எண்களைப் பார்த்தால் பெரிய வெற்றி போலத் தெரிகிறது. ஆனால் யூனிட் கணக்கில் எவ்வளவு?

இரண்டு கார்களின் முன்பரப்பும் சுமார் 2.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. தூரம் போனால், காற்றை விலக்க மட்டும் இக்யூஎஸ்ஸுக்கு 6.4 யூனிட் தேவை, ஐ7-க்கு 7.7 யூனிட். வித்தியாசம் 1.3 யூனிட். 120 கி.மீ. வேகத்தில் அது 1.8-க்குச் சற்று மேலே போகும். நகருக்குள் 40 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இந்த 1.3 யூனிட்டோடு பேட்டரி அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயன்படுத்தக்கூடிய அளவு இக்யூஎஸ்ஸில் 107.8 யூனிட், ஐ7-ல் 101.7. சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. நிதானமாக 100-ல் ஓட்டி, இக்யூஎஸ் 100 கி.மீ.க்கு 20 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், முழு சார்ஜில் கிளம்பி மதுரை சேரும்போது சுமார் 15 சதவீதம் மிச்சம் இருக்கும். ஐ7-க்கு 21.3 யூனிட் என்று போட்டால் மிச்சம் 4 சதவீதம்கூட இல்லை. 4 சதவீதத்தை நம்பி யாரும் போகக் கூடாது. மழையோ எதிர்க்காற்றோ வந்தால் அது போய்விடும். எனவே ஐ7 வழியில் ஒருமுறை நின்றாக வேண்டும். 60 கிலோவாட் சார்ஜரில் 20 நிமிடம் போதும்.

இக்யூஎஸ்ஸுக்கு இந்திய வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ கொடுத்த 857 கி.மீ. ரேஞ்சை நெடுஞ்சாலைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம். இந்தியச் சோதனைச் சுழற்சியில் வேகம் 90 கி.மீ.க்கு மேல் போவதே இல்லை, சராசரி வேகம் அதைவிட வெகு குறைவு.

மலைப்பாதைக்குத் தனிக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 3 டன் எடை, கொடைக்கானலுக்கு ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர் என்றால், வழக்கமான செலவுக்கு மேல் குறைந்தது 15 யூனிட் ஏற்றத்துக்கே போகும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு ரீஜெனில், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புவதில், திரும்பி வரும். ஆனால் மேலே ஹோட்டலில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால், மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. ரீஜென் குறைந்து, பிரேக் டிஸ்க்குகள்தான் சூடாகும். மலையில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எந்த மின்சார காருக்கும் இது பொருந்தும். எடை அதிகமான இந்த இரண்டுக்கும் கூடுதலாகவே பொருந்தும்.

பிரேக் பெடல்: டெஸ்ட் டிரைவில் முதலில் பார்க்க வேண்டியது

இக்யூஎஸ்ஸின் ஸ்டீயரிங் பின்னால் உள்ள பேடில்கள் கியர் மாற்ற அல்ல, ரீஜென் அளவை மாற்ற. டி பிளஸ் வைத்தால் கார் தடையின்றி உருளும். டி வழக்கமான அளவு. டி மைனஸ் வலுவாக இழுத்துப் பிடிக்கும். டி ஆட்டோவில் முன்னால் போகும் வண்டியைப் பார்த்து கார் தானே முடிவு செய்யும். தேவைப்பட்டால் முழுமையாக நிற்கவும் செய்யும்.

சிக்கல் என்னவென்றால், கார் தானாக வேகம் குறைக்கும்போது பிரேக் பெடலும் தானாகக் கீழே இறங்கும். ஓட்டுநர் காலைத் தூக்கிப் பெடலில் வைக்கும்போது, அது வழக்கமான இடத்தில் இருக்காது. அவசரத்தில் மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காதது போலவும், பிறகு திடீரென்று பிடிப்பது போலவும் தோன்றும். நிற்பதற்கான தூரத்தில் குறை இல்லை. காலுக்குத்தான் நம்பிக்கை வருவதில்லை. டி மைனஸைத் தவிர்த்து, டி-யில் வைத்து ஓட்டினால் இது பெருமளவு குறையும். டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள், அந்த டிரைவரையே டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப்போய் இதைப் பழகிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெடல் பிடிபடாத டிரைவரிடம் இந்த காரைக் கொடுத்தால், பின்னால் இருப்பவரின் தலை சிக்னலுக்குச் சிக்னல் ஆடும்.

ஐ7 இந்த விஷயத்தில் தெளிவாக முந்துகிறது. கேமராவையும் நேவிகேஷனையும் வைத்து ரீஜென் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் பெடல் வைத்த இடத்தில் இருக்கும், மிதிக்கும் அளவுக்கு ஏற்பப் பிடிக்கும். மோட்டாரும் டிஸ்க்கும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது காலுக்குத் தெரிவதில்லை. கியரை பி-யில் (பார்க்கிங்கின் P அல்ல, B) போட்டால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே நின்றுவிடும். நெரிசலான சாலையில் பி மோடு ஓட்டுநருக்குச் சுகம், பின் ஸீட்டுக்கு அல்ல.

ஐ7-ன் மோட்டார்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது. மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டருக்கு மின்சாரம் கொடுத்துத்தான் காந்தப்புலம் உண்டாக்குகிறார்கள். அந்த மின்சாரத்தைக் குறைத்தால் மோட்டார் இழுக்காமல் சுழலும். 80 கி.மீ. வேகத்தில் காலை எடுத்து உருள விடும்போது வரும் வழுக்கல் அருமையானது. அரிய மண் தனிமங்கள் தேவையில்லை என்பதும் சேர்ந்த லாபம்.

பவர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இக்யூஎஸ்ஸுக்கு 523 குதிரைத்திறன், 855 நியூட்டன் மீட்டர் டார்க், 0-100 4.3 விநாடி. ஐ7-க்கு 544, 745, 4.7. இரண்டுமே நம் சாலைகளுக்குத் தேவையானதைவிட அதிகம்.

ஸ்பீடு பிரேக்கரும் பள்ளமும்

இரண்டின் வீல்பேஸும், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும், 3.2 மீட்டருக்குச் சற்று மேல், நடுவில் பேட்டரி. உயரமான ஸ்பீடு பிரேக்கரில் தட்டுவது முன் பம்பர் அல்ல, வயிற்றுப் பகுதி. இரண்டிலும் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் ஐந்து பேர் ஏறினாலும் உயரம் குறையாது. அதுவே தன்னைச் சமன் செய்துகொள்ளும். பட்டனை அழுத்தினால் இக்யூஎஸ் 25 மி.மீ. உயரும், ஐ7 20 மி.மீ. இக்யூஎஸ்ஸை 40 கி.மீ. வேகத்துக்குள்தான் உயர்த்த முடியும், 50-ஐத் தொட்டதும் தானே இறங்கிவிடும். காற்று நிரம்பச் சில விநாடிகள் ஆகும் என்பதால், மேட்டின் மேல் ஏறும்போது அழுத்திப் பயனில்லை, முன்கூட்டியே அழுத்த வேண்டும். மேட்டைத் தொடும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு தாழும்.

டயர்களில்தான் உண்மையான ஆபத்து. இக்யூஎஸ்ஸின் 21 அங்குல வீலில் 265/40 டயர்: அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம். பக்கச்சுவர் 106 மி.மீ. ஐ7-ன் 21 அங்குலத்தில் முன்னால் 255/40, பின்னால் 285/35. பின்பக்கச் சுவர் 100 மி.மீ. மட்டுமே. இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடை கூர்மையான பள்ளத்தில் விழுந்தால், டயரின் பக்கச்சுவர் கிழியும் அல்லது புடைக்கும். புடைத்த டயரை ஒட்டிப் பயன்படுத்த முடியாது, மாற்றியாக வேண்டும். இக்யூஎஸ்ஸில் நான்கும் ஒரே அளவு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். ஐ7-ல் அது முடியாது. 20 அங்குல வீல் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம். சத்தம் குறைக்க உள்ளே ஃபோம் ஒட்டிய டயர் என்றால், பஞ்சர் ஒட்டுபவர் அந்த இடத்தின் ஃபோமை நீக்கிவிட்டுத்தான் உள்ளிருந்து ஒட்ட வேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா என்பதை பூட்டின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நல்ல சாலையில் இக்யூஎஸ் மிதக்கும். மேடுபள்ளம் தொடர்ந்து வந்தால் அந்த மிதப்பு மேலும் கீழுமான ஆட்டமாக மாறும். ஐ7 அதே சாலையில் அடங்கிப் போகும், காதுக்கும் அமைதி அதிகம். திருப்பங்களில் நிலைமை தலைகீழ். பின்சக்கரங்கள் 10 டிகிரி வரை திரும்பும் இக்யூஎஸ், 10.9 மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடும். 5.2 மீட்டர் நீள காருக்கு அது பெரிய விஷயம். 4.5 டிகிரி மட்டும் திரும்பும் வகையும் உண்டு, ஆகவே வாங்கும் காரில் எது என்று கேட்டுப் பாருங்கள். ஐ7-ல் 3.5 டிகிரிதான், நீளமோ 5.39 மீட்டர். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இந்த வித்தியாசத்தைத் தினமும் இரண்டு முறை உணர வேண்டியிருக்கும்.

பின் ஸீட்

இக்யூஎஸ்ஸின் கூரை வில்போல வளைந்து இறங்குகிறது, தரையில் பேட்டரி. தரை உயர்ந்து கூரை தாழ்ந்ததால் முழங்கால் மேலே தூக்கியபடி உட்கார வேண்டியிருக்கிறது. தொடைக்கு அடியில் தாங்கல் குறைவு. ஒரு மணி நேரத்தில் தெரியாது, மூன்று மணி நேரத்தில் தெரியும். 100 கி.மீ.க்கு மிச்சமான 1.3 யூனிட்டுக்குக் கொடுத்த விலை இதுதான். பென்ஸின் சொகுசு காரான எஸ் கிளாஸில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். அதே வடிவம் தந்த நன்மை, ஹேட்ச்பேக் போல முழுக்கத் திறக்கும் 610 லிட்டர் பூட்.

ஐ7-ன் பின்பகுதி 1,544 மி.மீ. உயரத்தின் பலனை அப்படியே கொடுக்கிறது. இக்யூஎஸ்ஸைவிட ஏறி இறங்க எளிது, பெரியவர்களுக்கு முக்கியமாக. கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரை கண்ணைப் பறிக்கும். ஆனால் அது இறங்கியிருக்கும்போது உள்கண்ணாடியில் ஓட்டுநருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. நெடுஞ்சாலையில் லேன் மாற்ற பக்கக் கண்ணாடிகளை மட்டுமே நம்ப வேண்டும். இரவுப் பயணத்தில் திரையை மடக்கி வைப்பதே சரி. பூட் 500 லிட்டர்.

சார்ஜர்

உச்ச வேகம் இக்யூஎஸ்ஸில் 200 கிலோவாட், ஐ7-ல் 195. இரண்டும் 400 வோல்ட் வகை. சார்ஜிங் கேபிள் 500 ஆம்பியர் தாங்கினால் 400 வோல்ட்டில் 200 கிலோவாட்டுக்கு மேல் போக வழியில்லை. 800 வோல்ட் போர்ஷே டைகான் இந்தச் சுவரை உடைத்தது: 2024 மாற்றத்துக்குப் பிறகு 320 கிலோவாட், 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம். ஓட்டுவதற்கென்றே கார் வாங்குபவர் டைகானைப் பார்க்கலாம். பின் ஸீட்டுக்காக வாங்குபவர் பார்க்க வேண்டாம்.

60 கிலோவாட் சார்ஜரில் இந்த உச்ச எண்கள் எதற்கும் பொருளில்லை. 10-லிருந்து 80 சதவீதம் என்பது இக்யூஎஸ்ஸுக்கு 75 யூனிட், ஐ7-க்கு 71. இரண்டுக்கும் ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை கன் (செருகி) கொண்ட சார்ஜரில் பக்கத்தில் இன்னொரு வண்டி செருகினால் மின்சாரம் பாதியாகப் பிரியலாம். அப்படியானால் இரண்டரை மணி நேரம். இடம் இருந்தால் தனியாக நிற்கும் சார்ஜரைத் தேடுங்கள்.

வீட்டில் 11 கிலோவாட் வேண்டுமென்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஃபேஸுக்கு 16 ஆம்பியர். இழப்பையும் சேர்த்தால் இக்யூஎஸ் காலியிலிருந்து நிரம்ப 11 மணி நேரம் ஆகும். ஒற்றை ஃபேஸ் 7.4 கிலோவாட்டில் 16 மணி நேரம். அதிக மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் எம்சிபி மட்டும் போதாது, வால்பாக்ஸுக்கென்று (சுவரில் பொருத்தும் சார்ஜர்) மின்கசிவில் துண்டிக்கும் தனி ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். சார்ஜிங் தொடங்காமல் நின்றுபோனால், காரைக் குறை சொல்லும் முன் எர்த்திங்கைப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அதிகமாகக் காட்டினால் கார் மின்சாரத்தை ஏற்க மறுக்கும். கோடையில் எர்த் பிட் காய்ந்துபோய் இப்படி ஆவது உண்டு. வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வீடுகளில் 12 வோல்ட் பேட்டரியும் கவனம் கேட்கும். பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும், 12 வோல்ட் இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியைக் காருடன் இணைக்கும் ரிலேக்கள் (மின் சுவிட்சுகள்) மூடாது, கார் எழாது.

ஓட்டுநர் ஸீட்டில் நீங்களே உட்காரப் போகிறீர்கள், மாதம் இரண்டு முறை நெடுந்தூரம் போவீர்கள் என்றால் இக்யூஎஸ்தான் சரி. டி-யில் வைத்து ஓட்டுங்கள்; அறிமுக விலைக் கணக்கில் 40 லட்சமும் ஒரு சார்ஜிங் நிறுத்தமும் மிச்சம். வலதுபக்கக் கதவைத் திறக்க டிரைவர் இருக்கிறார், உங்கள் இடம் இடது பின் ஸீட் என்றால் ஐ7-ஐ விட்டு வேறெங்கும் போக வேண்டாம். டெஸ்ட் டிரைவில் ஷோரூமைச் சுற்றி பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் வீட்டு வாசல் ஸ்பீடு பிரேக்கர், பார்க்கிங் வளைவு, பின் ஸீட்டில் ஒரு மணி நேரம், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.