தென்காசியில் ஒரு லென்ஸ் பேரம்

லண்டனிலிருந்து தென்காசிக்கு வந்த இந்த முறை விமானம், வங்கி, ஆதார் திருத்தம் எல்லாம் பிசகில்லாமல் முடிந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எழுத வைத்தது அம்மாவின் கண்புரை. அதிலும் அறுவைச் சிகிச்சை அல்ல, அதற்கு முன்னால் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் 'கவுன்சலிங்' என்ற பெயரில் நடந்த கூத்து.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "புரை முத்திடுச்சு, எடுத்திரலாம்" என்றதோடு சரி. மீதியைப் பக்கத்து அறையில் ஒரு பெண் பார்த்துக்கொண்டார். மேஜையில், புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்களின் பட்டியல், லேமினேட் செய்த அட்டையில், ஹோட்டல் மெனு மாதிரி. முதல் பக்கத்தில் உள்நாட்டு மோனோஃபோகல், அதாவது ஒரே தூரத்துக்குத் தெளிவு தருவது, இருபதாயிரத்துச் சொச்சம். "சார் எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா பெருமையாக "லண்டன்ல" என்றாள். அட்டை திரும்பியது. பின்பக்கம் இறக்குமதி மல்டிஃபோகல், அதாவது கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒன்று, ஒரு கண்ணுக்கே எண்பதாயிரத்துக்கு மேல். "அரசு ஆஸ்பத்திரியில வைக்கிறது பழைய டெக்னாலஜி சார். உங்க ஊர்ல எல்லாருக்கும் இதைத்தான் வைப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். எங்கள் ஊரில் அரசுச் செலவில் இதை வைக்க மாட்டார்கள். கண்புரை அறுவையில் மல்டிஃபோகல் லென்ஸைத் தரவேண்டாம் என்று, எந்தச் சிகிச்சையை அரசுச் செலவில் தரலாம் என்று அங்கே சொல்கிற 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல் 2017-லேயே வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கலாம்தான். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண்கூச்சம் என்று வேறு தொல்லைகள் உண்டு. அந்தப் 'பழைய' பிளாஸ்டிக் லென்ஸையும் முதன்முதலில் வைத்தது லண்டனில்தான். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானத்தின் பிளாஸ்டிக் கூரைத் துண்டுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்த கண் டாக்டர் ஹரால்ட் ரிட்லி, 1949-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து வைத்தார்.

இங்கிலாந்தை ரொம்பப் புகழவும் மனம் வரவில்லை. 1999-ல் தொடங்கிய நைஸ், ஒரு சிகிச்சையால் நல்ல ஆரோக்கியத்தோடு கூடுதலாகக் கிடைக்கும் ஒரு வருடத்துக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போடும். நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதுதான் அளவுகோல். அதைத் தாண்டினால் பெரும்பாலும் 'வேண்டாம்'. புற்றுநோய் மருந்துகளுக்கு அப்படி வரும்போது நானும் திட்டியிருக்கிறேன். அங்கே புரை எடுக்க என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார். ஆனால் எந்த லென்ஸ் என்று மகனின் சம்பளத்தைப் பார்த்து யாரும் அவரிடம் பேரம் பேசவில்லை.

நம் நாட்டில் இந்தக் கணக்கு போடவில்லையா என்றால், போட்டிருக்கிறார்கள். மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு 2017-ல் வந்தது. அது தொடக்கத்தில் எடுத்த ஆய்வுகளில் ஒன்று இதே கண்புரை லென்ஸ். சிறு கீறல் அறுவையோடு மடங்காத பி.எம்.எம்.ஏ. லென்ஸ் (ரிட்லி வைத்த அதே வகைப் பிளாஸ்டிக்) வைப்பதே போடும் காசுக்கு ஏற்றது என்று முடிவு சொன்னார்கள். அந்த அறையில் மாட்டியிருந்த படங்களிலோ அந்த மெனுவிலோ அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆய்வை மக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிதான். காலையில் ஓ.பி. சீட்டு வரிசை, தலைக்கு மேலே ஓடாத ஃபேன், உட்கார இடமில்லை. எதுவும் மாறவில்லை, எரிச்சல் எரிச்சல்தான். ஆனால் அந்த டாக்டரம்மா நின்றபடியே சொன்னார்: "தூரப் பார்வை தெளிவாயிரும்மா, படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கிடுங்க." லண்டன் பேச்சே வரவில்லை. லென்ஸோடு சேர்த்து இலவசம். சொட்டு மருந்தில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' முத்திரை. எங்கள் ஆச்சி காலத்தில் பள்ளிக்கூட முகாமில் புரையை எடுத்துவிட்டு, லென்ஸ் வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். அங்கிருந்து இது எவ்வளவு தூரம்!

அம்மா இப்போது எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணி யாருடையது என்று சொல்கிறாள். அத்தானுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. லண்டன்காரன் அம்மாவைத் தர்மாஸ்பத்திரியில் படுக்கவைத்தானாம். லண்டனில் அரசுச் செலவில் வைப்பதும் மோனோஃபோகல்தான் என்று எத்தனை முறை சொன்னாலும், "சும்மா அளக்காத மாப்ள" என்கிறார்.