கார்க்கா, கால்வேயா: கார் இல்லாமல் அயர்லாந்து போகிறவர்களுக்கு

டப்ளினில் இறங்கி இரண்டு நாள் சுற்றியாகிவிட்டது, மிச்ச நாட்களுக்கு எந்த ஊரில் தங்குவது? மேற்கே கால்வே, தெற்கே கார்க். ரயிலில் இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். போன செப்டம்பரில் நானும் மனைவியும் கால்வேயில் இரண்டு இரவு, கார்க்கில் நான்கு இரவு தங்கினோம். மறுபடி போனால் நேரே கார்க்தான்.

கால்வே கையடக்கமான ஊர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஏர் சதுக்கம். அங்கிருந்து ஷாப் தெரு, கீ தெரு வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் 1584இல் கட்டிய ஸ்பானிஷ் வளைவும் காரிப் ஆறும் வந்துவிடும். சாயங்காலம் கீ தெருவில் கேட்ட ஃபிடில் இசை போலக் கார்க்கில் எங்களுக்கு எதுவும் அமையவில்லை. அந்த வகையில் கால்வேக்கே முதலிடம்.

ஆனால் பெரும்பாலோர் கால்வேக்குப் போவது மோஹர் செங்குத்துப் பாறைகளுக்கும் அரன் தீவுகளுக்கும்தான். பஸ்ஸில் மோஹர் போய்வந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தீவுக்கு முதலில் ரோஸவீல் வரை பஸ், பிறகு முக்கால் மணி நேரப் படகு. டிக்கெட்டை முன்பே எடுத்தாக வேண்டும், வானம் எப்படி என்பதோ அன்று காலைதான் தெரியும். நாங்கள் தீவுக்குப் போகவிருந்த நாளில் பலத்த காற்று, படகு ஓடவில்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் அங்கே எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு முழு நாள்தான். நகர அருங்காட்சியகமும் புனித நிக்கோலஸ் தேவாலயமும் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வெளியே மழை.

கார்க்கில் காலையில் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தைப் போடலாம். எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது இதுதான். வெயில் அடித்தால் கென்ட் நிலையத்தில் ரயிலேறினால் போதும், 25 நிமிடத்தில் கோவ் என்ற துறைமுக ஊர். அரை மணிக்கொரு ரயில், முன்பதிவே வேண்டாம். 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்றது இந்தத் துறைமுக வாயிலில்தான். கரையிலிருந்து 123 பேர் சிறு கப்பல்களில் போய் அதில் ஏறினார்கள். அவர்கள் நடந்த மரத்துறையின் மிச்சத் தூண்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அதைப் பார்த்தபின் என் மனைவி வெகுநேரம் பேசவில்லை.

மழை பிடித்துக்கொண்டாலும் கவலையில்லை. 1788இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட் முழுக்கக் கூரைக்குள் இருக்கிறது. மீனும் பாலாடைக்கட்டியும் போக, கெடாமலிருக்க வெண்ணெய் தடவிய முட்டைகூட அங்கே கிடைக்கும். (ஞாயிறு விடுமுறை, கவனம்.) ஷாண்டன் தேவாலயக் கோபுரத்தில் மணிகளை நாமே அடிக்கலாம். கயிறுகளுக்கு எண் போட்டு, பாட்டுக்கு எண் வரிசை எழுதிய அட்டையும் வைத்திருக்கிறார்கள். நான் தப்பும் தவறுமாக அடித்தது ஊருக்கே கேட்டிருக்கும், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உச்சிக்கு 132 படிகள்.

அப்புறம் பல்கலைக்கழகம். ஒகம் என்ற பழங்கால ஐரிஷ் எழுத்து பொறித்த கற்கள் அங்கே கூரையுள்ள தாழ்வாரத்தில் வரிசையாக நிற்கின்றன. 1849இல், அது கல்லூரியாக இருந்தபோது, அதன் முதல் கணிதப் பேராசிரியராக வந்தவர் ஜார்ஜ் பூல். கணினிகளுக்கு அடிப்படையான பூலியன் தர்க்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பரங்கிமலையில் 1802இல் தொடங்கிய நில அளவையைப் பின்னாளில் நடத்திய, சிகரத்துக்குப் பெயர் தந்த எவரெஸ்ட்டின் சகோதரர் மகள்தான் அவருடைய மனைவி. 1864இல் கொட்டும் மழையில் நடந்து வந்து, ஈர உடையோடு பாடம் நடத்தி, காய்ச்சலில் படுத்த பூல் எழுந்திருக்கவேயில்லை. அந்த ஊர் மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நல்ல மழைக்கோட்டு அவசியம்.

கார்க்கிலும் குறை உண்டு. ஆற்றின் வடகரைத் தெருக்கள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் தங்குமிடத்தைத் தென்கரையிலோ நடுவிலோ பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனது செப்டம்பர் மட்டுமே. கோடையில் படகு இவ்வளவு படுத்தாமல் இருக்கலாம். கார் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கே மாறிவிடும்.

மோஹரை விட மனமில்லை என்றால் கால்வேக்குக் குறைந்தது மூன்று இரவு ஒதுக்குங்கள். ஒரு நாள் காற்றில் போனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.