பழைய காரின் அடியில் புதுக் கறுப்பு பூசியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள் (எனக்குப் போனது 4,15,000)

நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். இந்தத் தொகையை இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கார் விற்ற கடையில் நான் போனில் பேசிய ஒருத்தருக்கும் அது காதில் ஏறவில்லை. அந்தப் பணத்துக்கு வாங்கிய கார் இப்போது கும்பகோணத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் மூலையில் நிற்கிறது. சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறார்கள். டிரைவர் உட்காரும் இடத்துக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வகையை மட்டும் சொல்கிறேன். ஆன்லைனில் விளம்பரம், சென்னைப் புறநகரில் பெரிய யார்டு, ஏசி ஆபீஸ், "200 பாயிண்ட் செக்கிங் முடித்த வண்டிகள்" என்று வாசலில் போர்டு. நம்ம ஊர் கார் கன்சல்டிங் கடைக்குக் கொஞ்சம் மேலே, கம்பெனி ஷோரூமுக்குக் கொஞ்சம் கீழே. படித்தவர்கள் ஏமாறுவதற்கென்றே கட்டி வைத்த இடம். பழைய காரின் அடிப்பக்கத்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

வண்டி 2017 மாடல் டீசல் ஹேட்ச்பேக். வெள்ளை நிறம், சிங்கிள் ஓனர். அப்பாவை அடிக்கடி தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் கார். சீட்டு எடுத்த பணமும் நகைக் கடனும் சேர்ந்ததுதான் அந்த 4,15,000. என்ஜின் அருமையாக இருந்தது, ஏசி ஜில்லென்று வந்தது, பெயிண்ட் பளபள. அந்த 200 பாயிண்ட் ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். "அண்டர்பாடி: நன்று", பக்கத்தில் பச்சை டிக்.

என் மனைவிதான் கேட்டாள், "லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் காட்டுவீங்களா?" என்று. விற்பனைப் பிரிவுப் பையன் முகம் ஒரு நொடிகூட மாறவில்லை. "லிஃப்ட் எங்க சர்வீஸ் சென்டர்ல இருக்கு மேடம், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லீவு. ஆனா உங்களுக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அதில் மல்லாந்து படுத்தான். தலையைக் காருக்கு அடியில் நுழைத்து, டார்ச் அடித்து, போனில் படம் படமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். சட்டையின் முதுகெல்லாம் புழுதி. அதைத் தட்டக்கூட இல்லை, நேராக எங்களிடம் போனை நீட்டினான்.

அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரே சீரான கறுப்பு. ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டுத் துரு இல்லை. "போன வாரம்தான் சார் ரஸ்ட் கோட்டிங் அடிச்சோம். எல்லா வண்டிக்கும் பண்ண மாட்டோம், இது நல்ல வண்டின்னு பண்ணோம். வெளிய அடிச்சா அஞ்சாயிரம் ஆகும், உங்ககிட்ட அதைச் சேர்க்கல" என்றான்.

வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்துக் காட்டுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? நான் அங்கேயே டோக்கன் அட்வான்ஸ் போட்டேன். மிச்சப் பணத்தை அனுப்பி முடித்த அன்றைக்கே டெலிவரியும் எடுத்தோம். கார் சாவியோடு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வேறு.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் நாச்சியார்கோவில் ரோட்டில் பஞ்சர். பக்கத்திலேயே பஞ்சர் கடை. அந்தத் தம்பி முன் சக்கரத்துக்குப் பின்னால், ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் சரியாகத்தான் வைத்து ஏற்றினார். ஜாக்கி மேலே ஏறியது, கார் ஏறவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தத் தகட்டுக்குள் ஜாக்கியின் தலை புதைந்துவிட்டது. வெளியே எடுத்தபோது அதோடு கறுப்புத் தோல் ஒன்று உரிந்து வந்தது. உள்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு.

அங்கிருந்து மெல்ல ஓட்டி, எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய குழி (பிட்) மேல் அவர் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு டங் டங் என்றது. நடுவில் சில இடங்களில் சத்தமே இல்லை, பொத் பொத் என்று அமுங்கியது. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பழைய காந்தம் ஒன்றை அந்த இடத்தில் வைத்தார், ஒட்டவில்லை, கீழே விழுந்தது. "தம்பி, இது தகடு இல்ல. பேஸ்டு. ஓட்டையில ஃபைபர் துணிய வெச்சு, பேஸ்டு போட்டு, மேல கறுப்பு அடிச்சிருக்கான்" என்றார்.

பிறகு உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினோம். அடியில் இருக்கும் பஞ்சு இன்னும் ஈரம். பஞ்சுக்குக் கீழே மாவு மாதிரி மெல்லிய வண்டல். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள் எல்லாம் துரு. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு அழுக்குக் கோடு, தண்ணீர் நின்ற மட்டம். இன்டீரியர் கிளீனிங் செய்தவன் பெல்ட்டை அது வரைக்கும் இழுத்துப் பார்க்கவில்லை போல.

வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீரும் சேறும் உள்ளே வந்தால் கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கும் என்று அண்ணன் சொன்னார். அந்தத் தகட்டுக்குக் கீழ்ப்பக்கமாகக் கோட்டிங் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் வேகமாக அரிக்கும். சுத்தமான தகட்டில் அடித்தால்தான் அந்தக் கோட்டிங் காப்பாற்றும், துருவின் மேல் அடித்தால் அது மூடி வைக்கும் வேலைதான்.

லாரி மாதிரி தனிச் சேசிஸ் மேல் உட்காரும் வண்டியாக இருந்தால்கூட ஒரு ஆறுதல். இந்த மாதிரிச் சின்னக் கார்களில் அந்தத் தரைத் தகடும் பக்கவாட்டுச் சட்டமும்தான் வண்டியின் எலும்பு. மோதினால் தாங்க வேண்டியது அது. அந்த இடத்தில் பேஸ்டை வைத்து, அதன் மேல் என் அப்பாவை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

வீட்டுக்கு வந்து காகிதங்களைப் புரட்டினேன். பழைய ஓனர் பெயரில் 2024-இல் போட்ட இன்சூரன்ஸ் பாலிசியின் நகல் கோப்பில் இருந்தது. நோ கிளைம் போனஸ் 0. அது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி; கிளைம் எடுக்காமல் ஓட்டினால் வருடா வருடம் 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். 2017-லிருந்து ஒரே ஓனர் வைத்திருந்த வண்டிக்குப் பூஜ்யம் என்றால், ஒன்று முந்தைய வருடம் கிளைம் எடுத்திருக்க வேண்டும், இல்லை பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆர்.சி.யில் இருக்கும் முகவரி வேளச்சேரிப் பக்கம். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, போன் போட்டேன். இங்கிருந்துதான் நிஜமான கூத்து.

வெள்ளைச் சட்டைப் பையன் முதலில் ரொம்ப மரியாதையாகப் பேசினான். "சென்னை வண்டின்னா கடல் காத்துக்குக் கொஞ்சம் துரு இருக்கத்தான் சார் செய்யும்." துருவே கிடையாது என்று படம் எடுத்துக் காட்டியது நீதானேப்பா என்றேன். "நான் சேல்ஸ் மட்டும்தான் சார், கஸ்டமர் கேர்ல கம்ப்ளைன்ட் பண்ணுங்க."

கஸ்டமர் கேரில் ஒரு பெண் புகார் எண் கொடுத்து, 48 மணி நேரத்தில் அழைப்பார்கள் என்றார். யாரும் அழைக்கவில்லை. மறுபடி நான் அழைத்தால் வேறு ஒருவர், வேறு ஒரு புகார் எண், மறுபடி 48 மணி நேரம். "வாரண்டி ஆறு மாசம் இருக்கே" என்று கேட்டால், "வாரண்டி என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும்தான் சார், பாடிக்கும் துருவுக்கும் கிடையாது" என்றார்கள். டெலிவரி அன்று அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கிய தாள்களில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கிறதாம். அப்படியென்றால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மேனேஜர் என்று ஒருவர் கடைசியில் லைனில் வந்தார். "நீங்க கும்பகோணத்துக்கு விக்கிரவாண்டி வழியாத்தானே சார் போனீங்க? அந்த ரோட்ல அடி வாங்கியிருக்கும்." அந்த ரோடு எவ்வளவு மோசம் என்று எங்களுக்கு அவர் சொல்லித் தரத் தேவையில்லை, வருடக்கணக்கில் அதில் முதுகு ஒடிந்தவர்கள் நாங்கள். ஆனால் ரோட்டுக் குழி கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் கொண்டுவந்து கொட்டுமா? அடுத்ததாக, "உங்க ஊர் மெக்கானிக் உங்ககிட்ட காசு பிடுங்கப் பார்க்கறார்" என்றார். பணம் வாங்காமல் அரை நாள் பிட்டில் நின்ற மனுஷனை!

சரி, வண்டியை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டு என் 4,15,000-ஐக் கொடுங்கள் என்றேன். ரீஃபண்ட் பாலிசி இல்லை, வேண்டுமானால் எங்கள் பர்ச்சேஸ் டீம் வண்டியைப் பார்த்து விலை சொல்லும் என்றார். அந்த டீமிலிருந்து ஒருவர் வீடியோ காலில் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்ன விலை 1,60,000. ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அண்டர்பாடில துரு இருக்கே சார்."

விற்கும்போது பச்சை டிக், வாங்கும்போது துரு. அதே கடை, அதே வண்டி. அதற்கு அடுத்த நாளிலிருந்து என் நம்பர் அவர்களுக்குப் போகவே இல்லை. மனைவியின் போனிலிருந்து அடித்தால் ரிங் போகிறது, என் பெயரைச் சொன்னதும் கட்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்கிறார் அண்ணன். செய்தாலும் பழைய உறுதி வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. அவர் நேர்மையானவர், அதனால் சொல்கிறார். 4,15,000 போட்டு வாங்கியதற்கு மேலே இன்னும் ஒன்றரை லட்சம். நகைக் கடன் வட்டி தனி.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அடியில் புதுக் கறுப்பு தெரிந்தால் அது பராமரிப்பு என்று நினைக்காதீர்கள், எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லை என்று சொன்னால், பக்கத்தில் இருக்கும் ஏதாவது வாட்டர் சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள், அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதற்கும் விடமாட்டேன் என்றால் வேறு கடையைப் பாருங்கள். ஏற்றிய பிறகு ஜாக்கி வைக்கும் இடங்கள் நாலையும் தட்டிப் பாருங்கள், காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் கார்ப்பெட் ஓரத்தையும் தூக்கிப் பாருங்கள், சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். பழைய பாலிசியைக் கேட்டு வாங்கி போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மெக்கானிக்கை நீங்கள் கூட்டிப்போங்கள், அவர்கள் அனுப்பும் ஆள் வேண்டாம். டோக்கன் போடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அதையும் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேஸ்டைச் சுரண்டுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள், வாட்ஸப் அரட்டையை அழிக்காதீர்கள்.

எங்கள் நோட்டீஸ் போய்விட்டது. பச்சை டிக் போட்ட ரிப்போர்ட், அந்தப் பையன் எடுத்த படங்கள், 1,60,000 என்று விலை சொன்ன மெசேஜ், மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறேன்.