ஏ.பி. உலக வரலாறு: பாடத்திட்டம் சுமார், பயிற்சி அபாரம்

பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் நேரம் வந்தாலே தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் போகப்போறான். இந்த ஏ.பி. வேர்ல்ட் ஹிஸ்டரி எடுக்கணுமா? ஒரே மக்கப்பா இருக்குமே?" நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மக்கப் அடிக்கிற பிள்ளை இதில் திணறும் என்பதுதான் என் முதல் பதில். அதற்காக ஆஹா ஓஹோ என்று தூக்கிப்பிடிக்கவும் மாட்டேன். வரலாறு என்ற கணக்கில் இந்தப் பாடத்திட்டம் சுமார்தான். ஆனால் ஒரு பழைய ஆவணத்தை எப்படிப் படிப்பது, எங்கே நம்புவது, எங்கே சந்தேகப்படுவது என்று கற்றுத்தரும் பயிற்சியாக எடுத்துக்கொண்டால், பள்ளி மட்டத்தில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கத் தேர்வு அமைப்பான காலேஜ் போர்டு நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்கள் என்றால், பள்ளியில் இருந்தபடியே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் படித்து மே மாதம் பொதுத்தேர்வு எழுதுவது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேர்ச்சி என்பார்கள். ஆனால் பல கல்லூரிகள் 4 அல்லது 5 இருந்தால்தான் கிரெடிட் தரும், சில தருவதே இல்லை. கட்டணம் நூறு டாலரை ஒட்டி. உலக வரலாற்றில் கி.பி. 1200 முதல் இன்றுவரை 9 அலகுகள். தேர்வு 3 மணி 15 நிமிடம்: 55 கொள்குறி வினாக்கள், 3 சிறுவினாக்கள், ஒரு நெடுங்கட்டுரை, இவற்றோடு எல்லோரும் பயப்படுகிற டி.பி.க்யூ. ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தை நிறுவி எழுதச் சொல்லும் கேள்வி அது. மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்குத்தான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஏன் 1200? 2002இல் முதல் தேர்வு நடந்தபோது இந்தப் பாடம் வேளாண்மை தோன்றிய காலத்திலிருந்தே தொடங்கியது. பத்தாயிரம் ஆண்டுகளை ஒரு வருடத்தில் நடத்த முடியவில்லை என்ற புலம்பல் நியாயமானதுதான். 2018இல் தீர்வாக, இனி 1450இலிருந்து தொடங்கும் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். 1450இல் தொடங்கினால் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா எல்லாமே ஐரோப்பியக் கப்பல் கரையில் வந்து நிற்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அந்த ஜூலையிலேயே 1200 என்று மாற்றிக்கொண்டார்கள். 2019-20 கல்வியாண்டிலிருந்து அதுதான் நடைமுறை. பேரம் பேசி நடுவில் முடித்த விலை மாதிரி ஓர் ஆண்டு.

வகுப்பில் இதன் விளைவு எப்படி இருக்கிறது தெரியுமா? 1258இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாதை அழித்தது என்று இரண்டாம் அலகில் வருகிறது. பாக்தாதைத் தலைநகராகக் கொண்ட அப்பாசியக் கலீபகம் என்ற இஸ்லாமியப் பேரரசு எப்படி எழுந்தது, பாக்தாத் எப்படிப்பட்ட நகரமாக இருந்தது என்று எதுவும் தெரியாமல் அதன் அழிவை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு என்ன புரியும்? இந்தியப் பகுதியில் பக்தி இயக்கம் 1200-1450 காலத்தின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடி முடித்துச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகு! ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தை இரண்டாம் அலகில் பேசிவிட்டு, அந்தக் கடலைக் கடந்து போய் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய அரசைப் பற்றிப் பேச இடமில்லை. செப்டம்பரில் முதல் இரண்டு வாரங்களை நான் 1200க்கு முந்தைய உலகத்துக்கே ஒதுக்குகிறேன். இதைச் செய்யாமல் நேரே சோங் சீனாவில் குதிக்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்கு நேரம் மிச்சம், பிள்ளைகளுக்கு அடித்தளம் நஷ்டம்.

இனி நான் இந்தப் பாடத்தோடு இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருப்பதற்கான காரணம்: ஆவணங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324இல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த கதை எல்லோருக்கும் பிடிக்கும். யூடியூபில் பார்த்துவிட்டே வருவார்கள். அதற்கு முக்கியச் சான்று அல்-உமரி என்ற, மம்லூக்குகள் எகிப்தை ஆண்ட கால எழுத்தாளரின் குறிப்பு. இதைக் கொடுத்து "இந்தச் சான்றை எப்படி எடைபோடுவீர்கள்?" என்று கேட்டால், அக்டோபரில் வரும் பதில் அச்சில் வார்த்தது போல ஒன்றே: "எழுதியவரும் முஸ்லிம், மூசாவும் முஸ்லிம், எனவே ஒருசார்பு." இந்தப் பதிலை உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மறுபடி படி என்பேன். அல்-உமரி மூசாவைப் பார்த்தவரே இல்லை. மூசா வந்துபோன பிறகு கெய்ரோவுக்கு வந்தவர், மக்கள் ஆர்வமாகச் சொன்னதைக் கேட்டு எழுதியவர். அதே குறிப்பில், ஒரு தினாருக்கு மேல் பெறாத சட்டையை மாலிக்காரர்களிடம் ஐந்து தினாருக்கு விற்ற கெய்ரோ வியாபாரிகளின் கதையும் வருகிறது. ஒரு மாணவி இந்த இடத்தில் நிறுத்தினாள். "மிஸ், அப்போ இதைச் சொன்னவங்களே ஏமாத்தி லாபம் பார்த்தவங்கதானே? எவ்வளவு பெருசாச் சொல்றாங்களோ அவ்வளவு அவங்க சாமர்த்தியமும் பெருசாத் தெரியும்." எழுதியவரைத் தாண்டி, அவருக்குச் சொன்னவரை விசாரிக்கப் போய்விட்டாள். அதன் பிறகு தங்கத்தின் மதிப்பு 25 திர்ஹத்திலிருந்து (வெள்ளிக் காசு) 22க்கு இறங்கியது என்ற வரியை வகுப்பே வேறு கண்ணால் பார்த்தது. ஊர்வம்பும் சந்தை விலையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது என்று அவர்களே பிரித்தார்கள்.

இன்னொன்று காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனாவின் மிங் அரசுக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு சாக்கடை மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்று. மொழிபெயர்ப்புகளை மூன்று குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, அடுத்த குழுவிடம் இருப்பது என்னவென்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு குழுவும் "மிங் பேரரசர் நம்ம ஆள்" என்று தீர்ப்பு எழுதும். பிறகு மூன்றையும் பலகையில் ஒட்டினால் சிரிப்புதான். யாருக்காக எழுதப்பட்டது, எதற்காக என்ற இரண்டு கேள்விகளையும் நான் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. அதே செங் ஹ இலங்கையின் கோட்டே அரசோடு போரிட்டு, அதன் ஆட்சியாளரைச் சிறைபிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்ற தகவலைக் கடைசியில்தான் எடுத்துவிடுவேன். வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதும் உண்மை.

மதிப்பிடும் முறை பற்றி ஒரு வார்த்தை. டி.பி.க்யூ.வுக்கு மொத்தம் 7 புள்ளிகள்: மையக் கருத்துக்கு 1, பின்னணிக்கு 1, சான்றுகளுக்கு 3, ஆய்வுக்கு 2. முன்பு முழுப் புள்ளி வாங்க ஆறு ஆவணங்களைப் பயன்படுத்தி வாதிட வேண்டும். 2023-24லிருந்து நான்கு போதும் என்றார்கள். தரம் இறங்கிவிட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு ஆவணங்களை ஓட்ட ஓட்டமாகத் தொட்டுவிட்டு ஓடும் கட்டுரையைவிட நான்கை நின்று பார்க்கும் கட்டுரை எவ்வளவோ மேல். ஆனால் புள்ளி முறைக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் வாய்பாடு போட்டுவிடுவார்கள். "இந்த ஆவணத்தின் நோக்கம் இது, ஏனெனில்..." என்று எல்லாப் பத்தியும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். புள்ளி கிடைக்கும், சிந்தனை இருக்காது. குறிப்பாக நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை சீக்கிரம் கைவந்துவிடுகிறது. டியூஷன் சென்டர்களும் அதையே விற்கின்றன. 5 வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் யோசிக்கக் கற்றவர்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

2025 முதல் தேர்வு முழுக்க காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில், கணினியில். எனக்கு இதில் பாதி மனதுதான். கிறுக்கல் கையெழுத்துக்காரர்களுக்கு விடிவுகாலம். ஆனால் ஆவணத்தின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதிப் படித்த பழக்கம் திரையில் அப்படியே வருவதில்லை. வகுப்பில் இன்னும் தாளில்தான் படிக்க வைக்கிறேன், தட்டச்சுப் பயிற்சியைப் பிப்ரவரிக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடமாகக் கட்டுரை எழுதச் சொல்வதை நிறுத்தியே விட்டேன். எதை யார் எழுதினார்கள் என்று துப்பறிய எனக்கு நேரமில்லை.

அலகுகளில் எனக்குப் பிடித்தது நான்கும் ஆறும். நான்கில் வெள்ளி. 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி, 1571இல் மணிலா ஸ்பானியர் கையில், வரியை வெள்ளியில் கேட்கும் மிங் அரசு. சுரங்கத்தில் மித்தா முறையில் கட்டாய வேலைக்குப் போன ஆண்டிஸ் மலைப் பழங்குடியினரின் உழைப்பு சீன விவசாயியின் வரிச்சீட்டில் போய் முடிகிறது. மூன்று கண்டங்களை ஒரே நூலில் கோர்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆறில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். 1834இல் மொரிஷியஸ், 1838இல் கயானா, 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல். கயானாப் பூர்வீகம் கொண்ட பிள்ளைகள் நியூ ஜெர்சியில் நிறையப் பேர். அந்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து பழைய படங்களும் பாட்டி சொன்ன கதைகளும் வகுப்புக்கு வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பத்திதான்.

ஏழு, எட்டு, ஒன்பது? நுனிப்புல்தான். ஜார்ஜியா போன்ற தெற்கு மாநிலங்களில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும். எங்களுக்குச் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான். தேர்வு மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில். பனி விடுமுறை இரண்டு சேர்ந்தால் ஏப்ரலில் பனிப்போரை மூச்சு வாங்காமல் ஓட்ட வேண்டியிருக்கும். உலகமயமாக்கல் அலகைக் கையேடாகக் கொடுத்துவிடுகிறேன். அது தேர்வில் 8 முதல் 10 சதவீதம்தான். வெள்ளியைக் குறைத்து அதற்கு நேரம் தர எனக்கு மனமில்லை.

எந்த வயதில் எடுப்பது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு சரி. ஒன்பதிலேயே சேர்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. பதினான்கு வயதில் ஏழு ஆவணங்களை மோதவிட்டு வாதம் கட்டுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுமை. ஆங்கிலத்தில் நீண்ட பத்தியைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கும் இது கஷ்டம், கணக்கில் புலியாக இருந்தாலும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால்: தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலும் நவீன உலக வரலாறு இருக்கிறது, கதையாக அது இதைவிடக் கோர்வையாகவே இருக்கிறது. அங்கே இல்லாதது இந்த ஆவணப் பயிற்சி. அதற்குக் காசு தேவையில்லை. பழைய டி.பி.க்யூ. கேள்விகள், மாணவர் எழுதிய மாதிரி விடைகள், எந்த வரிக்கு ஏன் புள்ளி கொடுத்தார்கள் என்ற விளக்கம் எல்லாம் காலேஜ் போர்டு தளத்திலேயே இலவசம். ஏழு ஆவணங்களோடு தொடங்காதீர்கள். ஒரே சம்பவத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படுகிற இரண்டு ஆவணங்கள், இருபது நிமிடம், முதல் மாதத்துக்கு அது போதும். மாதிரி விடைகளில் நடுத்தரமானதை முதலில் காட்டுங்கள். முழுப் புள்ளி வாங்கியதைக் காட்டினால் பிள்ளைகள் அதைக் காப்பியடிக்கத்தான் பார்ப்பார்கள்.