பழைய சி.என்.சி. ரூட்டர்: மூலைமட்டம் இரும்பில் இருக்கட்டும், மோட்டாரில் வேண்டாம்

எங்கள் பட்டறையில் ஓடுவது 4-க்கு 8 அடி பெட் உள்ள, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சி.என்.சி. ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்). நிலைக்கதவு, பூஜையறைக் கதவு, அலமாரிப் பலகை என்று இரண்டு வருடத்துக்கும் மேலாக அதில் வேலை வாங்கிவருகிறோம். பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சத்தத்தைக் கேட்பார்கள், ரெயிலில் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கேன்ட்ரி, அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கிப் பெட்டின் குறுக்கே நின்று ரெயிலில் ஓடும் பாலம், மூலைமட்டத்தில் (ரெயிலுக்குச் சரியாக 90 டிகிரியில்) நிற்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பூ வேலை செய்த கதவில் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது. அலமாரிப் பெட்டி கூட்டும்போது நான்காவது மூலை மாட்டேன் என்று நிற்கும், அப்போதுதான் தெரியும்.

லாரியில் ஏற்றி இறக்கிய எந்த மெஷினின் சட்டமும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதை எடுக்காமல் வேறு எதைத் தொட்டாலும் வீண் வேலை. ரசமட்டம் வைத்துப் பார்த்தது போதவில்லை. பெட்டின் நான்கு மூலையிலும் ஒரே உயரக் கட்டைகளை வைத்து, தூண்டில் நரம்பை இரண்டு மூலைவிட்டமாக இழுத்துக் கட்டினோம். முறுக்கு இல்லையென்றால் இரண்டும் நடுவில் லேசாக உரசும். நடுவில் 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் ஏதோ ஒரு மூலை 2 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று அர்த்தம். மேலே இருக்கும் நரம்பு கீழே உள்ளதை அமுக்கிக்கொண்டிருந்தாலும் முறுக்குதான்; அதனால் மேல் கீழாக மாற்றியும் ஒருமுறை பார்க்க வேண்டும். கால் போல்ட்டைத் திருகித் திருகி இதைச் சரிசெய்தோம்.

அடுத்தது கேன்ட்ரி. பழைய பிளைவுட் ஒன்றைப் போட்டு, 1200-க்கு 2400 மி.மீ. அளவில் நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை போட்டோம். துளைகளில் 6 மி.மீ. கம்பியைச் செருகி மூலைவிட்டங்களை அளந்தால் 4 மி.மீ. வித்தியாசம். டேப்பின் கொக்கி ஆடும் என்பதால் 100-வது மில்லியிலிருந்து அளப்பது நல்லது. இந்த அளவுள்ள செவ்வகத்தில் மூலைவிட்ட வித்தியாசம், கேன்ட்ரியின் கோணலைப் போலக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு காட்டும். அதாவது ஒரு முனை இன்னொன்றைவிட ஏறக்குறைய 2.2 மி.மீ. முன்னால் நின்றது.

இதற்குப் பலர் சொல்லும் வழி ஒன்று உண்டு. கேன்ட்ரிக்கு இரண்டு பக்கமும் மோட்டாரும் ஹோமிங் சென்சாரும் (கேன்ட்ரியின் தொடக்க இடத்தை மெஷினுக்குக் காட்டுவது) இருந்தால், ஒரு சென்சாரைக் கொஞ்சம் நகர்த்து, சரியாகிவிடும் என்பார்கள். அளவு சரியாகத்தான் வரும். ஆனால் பவரை நிறுத்தும்போது கேன்ட்ரியின் ஒரு முனையில் கையை வைத்துப் பாருங்கள். எங்கள் மெஷினில் ‘டொக்’ என்று பழைய இடத்துக்கே துள்ளியது. இரும்பு கோணலாகவே இருக்கிறது, மோட்டார்தான் நாள் முழுக்க அதை முறுக்கிப் பிடித்திருக்கிறது. மோட்டார் சூடாகும், ரெயிலில் ஓடும் பிளாக் ஒரு பக்கமாகத் தேயும்.

அதனால் இரண்டு பக்கப் பினியனையும் (மோட்டாரின் பல்சக்கரம்) ரேக்கிலிருந்து (அது உருளும் பல்பட்டை) விலக்கி, கேன்ட்ரியின் பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினோம். மூலைவிட்டம் பார்த்துச் சரிசெய்து கிளாம்ப் போட்ட இரண்டு கட்டைகளில் கேன்ட்ரியைத் தள்ளி ஒட்ட வைத்து, அப்படியே போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினோம். பினியனைத் திரும்பச் சேர்த்துத் துளை போட்டால் வித்தியாசம் அரை மில்லிக்குள். மீதிக்கு மட்டும் சென்சாரைத் தொட்டோம். இப்போது பவரை நிறுத்தினால் கேன்ட்ரி அசைவதில்லை. இத்தனை நாள் ஓட்டிய பிறகு நான் நம்பிச் சொல்வது இந்த ஒரு வேலையைத்தான்.

ஸ்பிண்டில் நேராக நிற்கிறதா என்பதற்கு வழக்கமான முறைதான்: பெட்டின் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை ஒருமுறை சீவிவிட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டு வைத்து, காலெட்டில் (ஸ்பிண்டிலில் பிட்டைப் பிடிக்கும் வாய்) பிடித்த கம்பிக் கையில் டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசம் காட்டும் மானி) மாட்டிச் சுற்றிப் பார்ப்பது. குளிர்பான கேனை வெட்டினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. தகடு கிடைக்கும், சாய்வை எடுக்க இடைவெளியில் செருகும் ஷிம்முக்கு அருமையானது. அப்புறம் பலகையை இன்னொரு முறை சீவ வேண்டும். முதல் சீவலில் நகத்தில் தட்டுப்பட்ட வரிகள் இரண்டாவதில் போய்விட்டன.

பிறகு வந்த தொல்லைகளில் பெரியது ஐப்பசி, கார்த்திகை ஈரம். எம்.டி.எஃப். ஓரங்களில் ஊதிவிடும், மழைக்காலம் முடிந்ததும் சீவியே ஆக வேண்டும். இன்னொன்று வெயில். எங்களுடையது தகரக் கொட்டகை, மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் ஒரு பக்க ரெயிலில் மட்டும் விழும். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மி.மீ. நீளும். ஒரு பக்கம் 10 டிகிரி கூடினாலே 2.4 மீட்டரில் கால் மில்லிக்கு மேல் போய்விடும். தார்பாய் கட்டித் தடுத்தோம். மாதாமாதம் போடும் சோதனைத் துளைகளை எப்போதும் காலையிலேயே போடுகிறோம்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு பழைய பிளைவுட்டையும் டேப்பையும் கையோடு கொண்டுபோங்கள். நான்கு துளை போட்டுக் காட்டச் சொல்லி, பிறகு பவரை நிறுத்தச் சொல்லுங்கள். மூலைவிட்டம் சரியாக இருந்தும் கேன்ட்ரி துள்ளினால், மேலே சொன்ன வேலைக்கான நேரத்தையும் கூலியையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.